நல்ல கோப்பி எது?

"நல்லதாகப் பார்த்து வாங்கு" என்னும் அறிவுரையைக் கேளாமல் வளர்ந்தவர் நம்மில் எவருமில்லை. புழுவில்லாத கத்தரிக்காய் நல்லது. கல்லில்லாத அரிசி நல்லது. இதே 'நல்ல' என்ற சொல்லையே மனிதனுக்கும் அவன் செயலுக்கும் வழங்குகிறோம். இவ்விரு நன்மைகளும் எங்கேனும் ஒன்றையொன்று சந்திக்கின்றனவா? சந்தைக்குப் போகும்போது முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டாவதை வீட்டில் விட்டுச் செல்லும் உரிமை நமக்கு உண்டா? இக்கேள்வியை அந்தரத்தில் நிறுத்தி ஆராய்வதிலும், அன்றாடம் கையாளும் ஒரு சிறு பொருளின்மேல் வைத்து ஆராய்தலே பயன்தரும். அப்பொருள் கோப்பிக்கொட்டை.

மண்கும்பானிற் கோப்பி விளைவதில்லை. பெயருக்கேற்ப மணலும் பனையும் மலிந்த ஊர் இது. கோப்பியோ மலைக்குளிரையும் மழையையும் நிழலையும் விரும்பும் செடி. ஆகவே இங்கே எந்த அடுக்களையிற் கோப்பி மணந்தாலும், அது எங்கோ தொலைவில் விளைந்து, கடைசியிற் பண்ணைக் கடலைக் கடந்து வந்ததாகும். செடியையும் காணாமல், அதைப் பறித்த கையையும் காணாமல், கொட்டையை மட்டும் காண்பவர்கள் நாம். இன்றைய உலகில் பொருள் வாங்குவோர் அனைவரது நிலையும் ஏறத்தாழ இதுவே.

முதலிற் கொட்டையைப் பற்றியே பேசுவோம். அறம் பேச வந்தோர் பொருளறிவை இகழ்வது முறையன்று. தூளை விடுத்துக் கொட்டையாக வாங்குவதே முதல் விதி. சிக்கரி வேர், வறுத்த புளியங்கொட்டை, பேரீச்சங்கொட்டை முதலியன தூளோடு தூளாகக் கலந்து விற்கப்படுவதுண்டு. முழுக் கொட்டையில் அவ்வாறு மறைப்பது அரிது. தூள்தான் வாங்க நேர்ந்ததெனில், கண்ணாடிக் குவளையிலுள்ள குளிர்ந்த நீரின்மேல் ஒரு சிட்டிகை தூவிப் பார்க்கலாம். கோப்பி சிறிது நேரம் மிதக்கும். சிக்கரி விரைவில் அமிழ்ந்து, போகும் வழியெல்லாம் நீரிற் பழுப்பு நிறத்தைக் கரைத்துவிடும். நம் வீடுகளிலும் கோப்பியோடு மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடிக்கிறார்களே என்று சிலர் கேட்கலாம். அது இடிப்பவரும் குடிப்பவரும் அறிந்தே செய்வது. கலப்பதிற் குற்றமில்லை, கலந்ததை மறைத்து விற்பதிலேயே குற்றம் இருக்கிறது.

வறுக்காத கொட்டையாயின், பசுமை கலந்த சாம்பல் நிறமும் ஏறத்தாழ ஒத்த பருமனும் உடையதாயிருத்தல் வேண்டும். வெளிறிப்போனது பழையது, பூஞ்சண மணம் வீசுவது ஈரத்திற் கிடந்தது, சிறு துளையுள்ளது வண்டரித்தது. நன்கு காய்ந்த கொட்டையில் ஈரம் நூற்றுக்கு 10 முதல் 12 பங்கு வரையே இருக்கும். அதனைப் பல்லாற் கடித்து நசுக்க இயலாது. அறபிக்கா இனம் சற்று நீண்டு, நடுக்கோடு வளைந்திருக்கும். றொபஸ்டா உருண்டு, கோடு நேராயிருக்கும். முன்னதில் மணம் மிகுதி. பின்னதிற் கசப்பும் கஃபீனும் மிகுதி. வறுத்த கொட்டை சில வாரங்களிலும், அரைத்த தூள் அதனினும் விரைவாகவும் மணமிழக்கும். ஆதலால் அண்மையில் வறுத்ததைச் சிறிது சிறிதாக வாங்கி, வேண்டும்பொழுது இடித்துக்கொள்வதே சிறந்தது.

இவை கண்ணும் மூக்கும் பல்லும் கற்றுத்தரும் பாடங்கள். இனி, வறுத்த கொட்டையில் ஒரு கைப்பிடியை வெள்ளைத் தாளிற் பரப்பிப் பாருங்கள். கருஞ்செம்மையான கொட்டைகளுக்கிடையே, ஒரே சட்டியில் ஒரே தீயில் வறுபட்டும் நிறமேறாமல் வெளிறிய சில கிடக்கும். அவை பெரும்பாலும் பழுக்காத காயிலிருந்து வந்தவை. இனிப்பு முற்றாத காயின் வித்து எவ்வளவு வறுத்தாலும் கோப்பியின் மணத்தைத் தாராது. அறிந்த வியாபாரி அவற்றைக் கண்டதும் விலையைக் குறைப்பான். அறிந்த வாடிக்கையாளரும் குறைத்தே கேட்பார். கேட்பது நியாயமே. ஆயினும் பழுக்காத காய் கூடைக்குள் எப்படி வந்தது என்று எவரும் கேட்பதில்லை.

கோப்பிச்செடியின் ஒரே கிளையிற் பச்சைக்காயும் செங்காயும் கனியும் ஒருங்கே இருக்கும். கனிந்தவற்றை மட்டும் தெரிந்து பறிக்க வேண்டுமாயின், அதே செடியிடம் பல தடவை திரும்பி வரவேண்டும். கிளையை உருவினாலோ ஒரே தடவையிற் கூடை நிறைந்துவிடும். நிறைக்கு இத்தனை என்று கூலி கொடுக்கும் தோட்டத்தில், பொறுமையாகப் பறிக்கும் பெண் மாலையிற் குறைந்த கூலியோடு வீடு செல்வாள். அவளது பொறுமைக்கு விலை கொடுக்காத முறையே பச்சைக்காயைக் கூடைக்குள் சேர்க்கிறது. எனவே தாளின்மேற் கிடக்கும் வெளிறிய கொட்டையைப் பறித்தவளின் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அவளுக்குக் கொடுக்கப்பட்ட கூலியின் அடையாளமாகவும் அதனைக் கொள்ளலாம். பொருளின் நன்மையும் நடத்தையின் நன்மையும் சந்திக்கும் இடம் இதுவே. நல்ல கொட்டை வேண்டும், அது மலிவாகவும் வேண்டும் என்று ஒரே மூச்சிற் கேட்பவர், மற்றொருவருடைய பொறுமையை இனாமாகக் கேட்கிறார்.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 19ஆம் நூற்றாண்டில் உலகின் பெருங் கோப்பி ஏற்றுமதி நாடுகளுள் இலங்கையும் ஒன்றாயிருந்தது. அக்கோப்பியைப் பறிக்கத் தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து வந்தோர், கடலைக் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாகச் சென்றனர். கொள்ளைநோயும் காய்ச்சலும் பசியும் அவ்வழியிற் பல்லாயிரவரைக் கொன்றன. இலண்டனில் அக்கோப்பியை முகர்ந்து தரம் பிரித்தோரின் மூக்குக்கு இந்த மரணங்களின் வாடை எட்டியிருக்க முடியாது. 1869இல் இலைத்துரு நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளிற் கோப்பித் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்து, தேயிலை வந்தது. செடி மாறியபோதும் அதைப் பறித்த மக்களின் நிலை மாறவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களின் வழிவந்தோரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது.

தீவகத்தார் இக்கதைக்கு அந்நியர் என்று ஒதுங்க முடியாது. தென்னிலங்கையிலும் மலைநாட்டிலும் கடை வைத்துப் பெயர்பெற்ற வணிகர் பலர் இத்தீவுகளிலிருந்து சென்றவர்களே. தராசைப் பிடித்த கையும், அதன் முன்னே காசை நீட்டிய கையும் தமிழ்க் கைகளாகவே இருந்தன. மொழி ஒன்றாயிருந்தமையால் மட்டும் நியாயம் நிலைத்துவிடவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். மாதக் கடைசியில் நூறு கிராம் வாங்கவும் எண்ணிப் பார்க்கும் குடும்பத்திடம் தோட்டத் தொழிலாளியின் கூலியைப் பற்றிப் பேசுவது கொடுமையல்லவா? மேலும், நாம் கூடுதலாகக் கொடுக்கும் காசு பறிப்பவளைச் சேரும் என்பதற்கு உறுதி என்ன? இம்மறுப்பில் உண்மை உண்டு. 1962இல் செய்யப்பட்ட சர்வதேசக் கோப்பி உடன்படிக்கையின்படி நாடுகள் தம் ஏற்றுமதியைப் பங்கிட்டு விலையை ஓரளவு தாங்கி நின்றன. 1989இல் அந்தப் பங்கீட்டு முறை குலைந்தவுடன் விலை சரிந்தது. 2001இல் மேலும் பாதாளத்துக்குப் போனது. எத்தனையோ நாடுகளிற் சிறு விவசாயிகள் நிலத்தைக் கைவிட்டனர். இதைத் தனியொரு வாடிக்கையாளரின் நல்ல மனம் தடுத்திருக்க முடியுமா?

மேல்நாட்டார் கண்ட ஒரு வழி முத்திரையாகும். 1988இல் நெதர்லாந்தில், மெக்சிக்கோவின் சிறு விவசாயிகளுடைய கோப்பிக்கு 'மாக்ஸ் ஹாவலார்' என்னும் நியாய விலை முத்திரை இடப்பட்டது. சாவாத் தீவில் ஒல்லாந்தர் ஆட்சி நடத்திய சுரண்டலைக் கண்டித்து 1860இல் வெளிவந்த ஒரு நாவலின் பெயர் அது. அதே ஒல்லாந்தர்தாம் வேலணைத் தீவுக்கு லைடன் என்று தம் நகரொன்றின் பெயரைச் சூட்டியவர்கள். முத்திரையை நாம் இகழவில்லை; அது சிலருக்கேனும் உதவியது. ஆனால் கூடுதற் காசு கொடுக்க வல்லவருக்கு மட்டும் கிடைக்கும் மனச்சாட்சி பொது அறமாகாது.

வேறொரு வழியும் உண்டு. 1957இல் இந்தியக் கோப்பி வாரியம் தன் கோப்பி நிலையங்களை மூடத் தொடங்கியபோது, வேலையிழந்த தொழிலாளர் ஏ. கே. கோபாலனின் துணையோடு கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துத் தாமே அவற்றை நடத்த முற்பட்டனர். நம் யாழ்ப்பாணத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இங்குள்ள தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குப் பேணி மறுக்கப்பட்டு, சிரட்டையிலும் போத்தலிலும் ஊற்றிக் கொடுத்த காலம் இருந்தது. கொட்டை ஒன்றே, நீர் ஒன்றே, சுவையும் ஒன்றே; நாக்கு அந்த அநீதியை அறியவில்லை. 1957இற் சட்டம் வந்தும் வழக்கம் நின்றபாடில்லை. 1966க்குப் பின் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கத்தார் கடைவாயில்களில் நின்று அடிபட்ட பிறகே கதவுகள் திறந்தன. இவ்விரு நிகழ்ச்சிகளிலும் நியாயம் விலைக்கு வாங்கப்படவில்லை. பலர் கூடி நின்று பெற்றார்கள்.

அப்படியாயின் வாங்குவோனுக்குக் கடமை இல்லையா? உண்டு. வெளிறிய கொட்டையைக் கண்டால் அதைக் கழிவென்று ஒதுக்குவதோடு நில்லாமல், அதன் காரணத்தையும் கேட்பது முதற் கடமை. இயன்றவர் நியாயமான விலைக்குப் பேரம் பேசாதிருப்பது இரண்டாவது. பறித்த கைகள் கூலிக்காகக் குரல் எழுப்பும் நாளில், "விலை ஏறிவிடுமே" என்று முணுமுணுக்காமல் அவற்றின் பக்கம் நிற்பது மூன்றாவது. முதலிரண்டும் மூன்றாவதற்குப் பயிற்சியே. அவற்றோடு நின்றுவிடுபவர் கொட்டையின் தரத்தை மட்டுமே அறிந்தவராவார். மூன்றாவதற்குக் காசு தேவையில்லை. எனவே நூறு கிராம் வாங்கும் குடும்பமும் அதனைச் செய்யலாம். நூறு கிராமும் வாங்க இயலாத குடும்பமும் செய்யலாம். கோப்பியை நன்றாகப் பார்த்து வாங்குங்கள் என்று நம் மாணவர்க்குச் சொல்லும்போது, இந்த மூன்றையும் சேர்த்தே சொல்லுவோம்.