பூக்காரர்களுக்காகப் போனவர்கள்

மே 3 மெக்ஸிகோவில் திருச்சிலுவைத் திருநாள். கொத்தனார்கள் பாதி எழும்பிய கட்டடத்தில் பூச்சுற்றிய சிலுவை ஒன்றை நட்டுவிட்டு, வேலையை நிறுத்தி, விருந்து சாப்பிடும் நாள். பூ விற்பவர்கள் கையில் நாலு காசு புரளும் நாளும் அதுதான். 2006-இல் அந்த நாள் காலையில், மெக்ஸிகோ நகரத்துக்குக் கிழக்கே டெஸ்கோகோ என்ற ஊரில், சந்தைக்கு வெளியே பூ விற்க வந்தவர்களைப் போலீஸ் விரட்டியது. அவர்களுக்குத் துணையாகப் பக்கத்து ஊரான சான் சால்வடோர் அடென்கோவின் விவசாயிகள் வந்து நின்றார்கள். அவர்கள் ஏன் வந்தார்கள் என்ற கேள்வியைத் தாண்டி என்னால் சுலபமாக நகர முடியவில்லை.

அடென்கோவுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. 2001 அக்டோபரில் ஜனாதிபதி விசென்டே ஃபாக்ஸின் அரசு, புது விமான நிலையம் கட்ட அந்த வட்டாரத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் நிலத்தைக் கையகப்படுத்த ஆணையிட்டது. மெக்ஸிகோ புரட்சிக்குப் பின் உழுபவர்களுக்குக் கிடைத்த ‘எஹிடோ’ நிலம் அது. ஊர் சேர்ந்து ஆள்வது. அதில் பெரும்பகுதிக்கு அரசு போட்ட விலை சதுர மீட்டருக்கு 7 பெசோ 20 சென்டாவோ. அன்றைய கணக்கில் ஒரு டாலர்கூடத் தேறாது. அடென்கோக்காரர்கள் வயலில் புல் அறுக்கும் நீளக் கத்திகளைக் கையில் ஏந்தித் தலைநகர வீதிகளில் ஊர்வலம் போனார்கள். ‘நிலப் பாதுகாப்பு மக்கள் முன்னணி’ பிறந்தது. அடிபட்டு ஒருவர் இறந்தார். பலர் சிறைக்குப் போனார்கள். 2002 ஆகஸ்டில் அரசு திட்டத்தைக் கைவிட்டது.

தங்கள் நிலத்தை மீட்டுக்கொண்டவர்கள் அதன்பின் வீட்டில் இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

2006 மே 3 அன்று டெஸ்கோகோவில் மோதல் மூண்டது. அடென்கோவில் ஊரார் நெடுஞ்சாலையை மறித்தார்கள். 14 வயதுப் பையன் ஒருவன் குண்டடி பட்டுச் செத்தான். கீழே விழுந்து கிடந்த ஒரு போலீஸ்காரரை ஊர்க்காரர்கள் மிதித்தார்கள். மிதித்தது தவறு, அதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் தொலைக்காட்சிகள் அந்த ஒரு காட்சியையே ஓட்டிக்கொண்டிருந்தன, பையன் செத்தது ஓரத்துக்குப் போனது.

மறுநாள் விடியலில் ஆயிரக்கணக்கான போலீஸார் அடென்கோவுக்குள் புகுந்தார்கள். கதவுகளை உடைத்து வீடு வீடாக ஆட்களை இழுத்தார்கள். இரண்டு நாட்களில் 200-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். தலைநகரிலிருந்து ஆதரவு சொல்ல அப்பாவோடு வந்திருந்த 20 வயதுப் பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் தலையில் கண்ணீர்ப் புகைக் குப்பி பாய்ந்தது. ஊர் முற்றுகையில் இருந்ததால் ஒரு வீட்டுக்குள்ளேயே அவரை மணிக்கணக்கில் வைத்திருக்க வேண்டியிருந்தது. ஜூனில் இறந்துபோனார். கைதான பெண்களைச் சிறைக்கு ஏற்றிச் சென்ற பஸ்களில் நடந்ததை விவரிக்கக் கை வரவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் போலீஸாரின் பாலியல் வன்முறை பற்றிப் புகார் சொன்னார்கள். அதிகாரிகள் அவர்களைப் பொய்க்காரிகள் என்றார்கள்.

அப்போது டெஸ்கோகோ நகராட்சி இடதுசாரிக் கட்சியிடம் இருந்தது. மாநிலத்தை ஆண்டது எழுபது ஆண்டு நாட்டை ஆண்டு பழகிய பழைய கட்சி. கவர்னர் என்ரிகே பெனா நியெட்டோ. மத்தியில் வலதுசாரிக் கட்சி. அடுத்த இரண்டே மாதத்தில் ஜனாதிபதித் தேர்தல், மூன்றும் ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொண்டிருந்தன. ஆனாலும் பூக்காரர் விவகாரத்தில் மூன்று போலீஸும் ஒரே பக்கம் நின்றது.

2002-இல் பட்ட அவமானத்துக்குப் பழி தீர்த்துக்கொண்டார்கள் என்பது பொதுவான விளக்கம். பொய்யில்லை, ஆனால் போதவில்லை. நிலத்துக்காக நிற்பவனை அரசுக்குப் புரியும். அவனுக்கு ஒரு தேவை இருக்கிறது. தேவைக்கு ஒரு விலை இருக்கிறது. விலையைக் கூட்டலாம், ஆளுக்கு ஆள் பிரித்துப் பேசலாம், வேலை தருகிறேன் எனலாம், கடைசியில் தோற்றும் போகலாம். எல்லாமே ஆட்சிக் கணக்குக்குள் அடங்குகிற விஷயம். அடுத்த ஊர்ப் பூக்காரிக்காக வந்து நிற்பவனிடம் என்ன விலை பேசுவது? அவனுக்கு அங்கே கொடுக்க ஒன்றுமில்லை, அவனிடமிருந்து பறிக்கவும் ஒன்றுமில்லை. பறிக்க மிஞ்சியது அவன் உடம்பும் காலமும்தான். அதனால்தான் தண்டனை குற்றத்தின் அளவைத் தாண்டிப் போகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அது பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற ஊர்களுக்குச் சொல்லும் பாடம்: உங்கள் வேலையை மட்டும் பாருங்கள்.

முன்னணியின் தலைவர் இக்னாசியோ டெல் வாயேவுக்கு இரண்டு வழக்குகளில் மொத்தம் 112 ஆண்டு தண்டனை விதித்தார்கள். பேச்சுவார்த்தைக்காக அதிகாரிகளை ஊரில் நிறுத்திவைத்ததற்கு ‘ஆள்கடத்தலுக்குச் சமம்’ என்று சட்டப்பிரிவு போட்டார்கள். உயர் பாதுகாப்புச் சிறையில் கடத்தல்காரர்களோடு அடைத்தார்கள். அவர் மனைவி திரினிடாட் ராமிரெஸ் வெளியே நின்று இயக்கம் நடத்தினார். 2010 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் டெல் வாயேயையும் மற்றக் கைதிகளையும் விடுவித்தது.

இந்தப் பாடம் அடென்கோவில் தொடங்கியதும் இல்லை. 1968-இல் மெக்ஸிகோ மாணவர்கள் முன்வைத்த ஆறு கோரிக்கைகளில் பரீட்சை, கட்டணம் பற்றி ஒரு வரியும் கிடையாது. முதலாவது, அரசியல் கைதிகளை விடுதலை செய்ய வேண்டும் என்பது. அந்தக் கைதிகளில் பல ஆண்டுகளாக உள்ளே கிடந்த ரயில்வே தொழிலாளர் தலைவர்கள் டெமெட்ரியோ வாயெஹோவும் வாலென்டின் காம்பாவும் இருந்தார்கள். படிக்கிற பிள்ளைகள் ரயில்வேக்காரர்களுக்காகத் தெருவுக்கு வந்தார்கள். அக்டோபர் 2 மாலை, ஒலிம்பிக் தொடங்கப் பத்து நாள் இருக்கையில், ட்லாடெலோல்கோ சதுக்கத்தில் ராணுவம் அவர்களைச் சுட்டது.

அப்படியும் அந்தப் பாடத்தைக் கேட்காதவர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். 2012-இல் பெனா நியெட்டோ ஜனாதிபதி வேட்பாளராகத் தலைநகரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்குப் போனார். வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் இடம். அவர்கள் அடென்கோவைப் பற்றிக் கேட்டார்கள். ஒழுங்கை நிலைநாட்ட எடுத்த முடிவு என்று நியாயப்படுத்தினார். கூச்சல் எழுந்து அவர் வெளியேற வேண்டியதாயிற்று. அங்கிருந்து ஒரு மாணவர் இயக்கமே கிளம்பியது. தேர்தலில் அவர்தான் ஜெயித்தார். பிறருக்காக நிற்பது ஜெயிக்க உதவும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

பஸ்களில் கொண்டுபோகப்பட்டவர்களில் பதினொரு பெண்கள் வழக்கைக் கைவிடவில்லை. மாணவிகளும் சிறுகடை வைத்திருந்தவர்களும் அவர்களில் உண்டு. 2013-இல் அரசு சமரசம் பேச வந்தது, அவர்கள் மறுத்துவிட்டார்கள். 2018 நவம்பர் 28 தேதியிட்ட தீர்ப்பில் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம், மெக்ஸிகோ அரசே பொறுப்பு என்றது. விசாரணை மேலிருந்து உத்தரவிட்டவர்கள் வரை போக வேண்டும் என்றது. பெனா நியெட்டோவின் ஜனாதிபதிப் பதவி முடிய அப்போது இரண்டு நாள் இருந்தது.

தீர்ப்பைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அதற்கு முன் அவர்கள் செய்தது. 2014-இல் அந்தப் பதினொரு பேரும் பாலியல் சித்திரவதைக்கு எதிராக ஓர் இயக்கம் தொடங்கினார்கள். நாட்டின் வேறு மாநிலங்களில் ராணுவத்திடமும் கடற்படையிடமும் போலீஸிடமும் அதே கொடுமையை அனுபவித்த பெண்களைத் தேடிச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண்களுக்கு அடென்கோவும் தெரியாது, டெஸ்கோகோவும் தெரியாது. சிலர் அப்போதும் சிறைக்குள்தான் இருந்தார்கள். பதினொரு பேரின் சொந்த வழக்கு அந்த நீதிமன்றத்தை எட்டவே இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது.