மூன்றாவது முகமூடி

அறவியல் பற்றி எழுதும் மேற்கத்தியத் தத்துவவாதிகளுக்கு விபத்துகள் மேல் ஒரு மோகம் உண்டு. பிலிப்பா ஃபுட் 1967-ல் கட்டுக்கடங்காத டிராம் வண்டி ஒன்றைத் தண்டவாளத்தில் ஓடவிட்டார். அது இன்னும் நிற்கவில்லை. ஒரு பாதையில் ஐந்து பேர், மறு பாதையில் ஒருவன். வண்டியோட்டி எந்தப் பக்கம் திருப்புவது? அதற்குப் பிறகு மூழ்குகிறவர்கள், எரியும் வீடுகள், போதாத மருந்து என்று உதாரணங்கள் பெருகின. இவற்றில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். முடிவெடுக்கிறவனுக்குக் கைகள் இருப்பதில்லை. அவன் வெறும் புத்தி. அவன் மடியில் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை, சட்டையைப் பிடித்து யாரும் இழுப்பதில்லை. ஸார்த்ர் 1945-ல் நிகழ்த்திய பிரசித்தமான சொற்பொழிவில், தாயோடு இருப்பதா யுத்தத்துக்குப் போவதா என்று தவிக்கும் மாணவன் ஒருவன் வருகிறான். அவனுக்குக்கூட ஸார்த்ரைத் தேடி வந்து கேட்கும் அளவுக்கு அவகாசம் இருந்தது.

அவகாசமே இல்லாத இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு விமானமும் கிளம்புமுன் அதைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்கிறார்கள். யாரும் காதில் வாங்குவதில்லை. காற்றழுத்தம் குறைந்தால் மேலிருந்து பிராணவாயு முகமூடி விழும், முதலில் உங்களுக்கு மாட்டிக்கொண்டு பிறகு குழந்தைக்கு மாட்டுங்கள் என்பது அது. தமிழ் மனசுக்கு எவ்வளவு அந்நியமான வாக்கியம்! நம் சினிமாவும் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளும் தயாரித்து வைத்திருக்கிற தாய், கடைசி மூச்சையும் குழந்தைக்குக் கொடுத்துவிட்டுச் சாகிறவள். அவளுக்குப் போய் இந்த உபதேசம். ஆனால் 35,000 அடி உயரத்தில் அழுத்தம் போய்விட்டால், பிரக்ஞையோடு ஒரு காரியம் செய்ய ஒருவருக்குக் கிடைப்பது அரை நிமிஷத்திலிருந்து ஒரு நிமிஷம். முரண்டு பண்ணும் குழந்தையின் முகத்தில் மாட்ட முயன்றுகொண்டே அவள் மயங்கிவிட்டால் இரண்டு பேருக்கும் இல்லை. தியாகம் இங்கே குழந்தையின் செலவில் தாய் அனுபவிக்கும் சொகுசு. அந்த விதி அவளை இரண்டு கைகளாக மட்டும் பார்க்கிறது என்று சிலர் கோபித்துக்கொள்ளலாம். எனக்கு அதில் கோபமில்லை. தன்னைச் செலவழிக்க வேண்டிய பொருளாக அல்லாமல் குழந்தைக்குத் தேவையான பொருளாக நினைக்கச் சொல்கிறது விதி. நம் தொடர்கதைகள் இதுவரை வந்து சேராத இடம் இது.

ஆனால் அந்த வாக்கியம் ஒருமையில் நிற்கிறது. குழந்தை இரண்டாக இருந்தால்?

விமானக் கம்பெனிகளின் பதில் சுருக்கமானது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை பெரியவர் மடியில் பயணம் செய்யலாம். ஆனால் ஒரு பெரியவருக்கு ஒரு மடிக் குழந்தைதான். பெரும்பாலான விமானங்களில், சேர்ந்தாற்போல் உள்ள இருக்கைகளுக்கு மேல் அவற்றின் எண்ணிக்கையைவிட ஒரே ஒரு முகமூடிதான் அதிகம் இருக்கும். ஆகவே தனியாகப் போகும் இரட்டைக் குழந்தைகளின் தாய், ஒன்றுக்கு டிக்கெட் வாங்கி, காரில் வைக்கும் குழந்தை நாற்காலியை இருக்கையில் கட்டி அதில் உட்காரவைக்க வேண்டும். மற்றவர்கள் வெளியேறும் வழியை மறைக்கக்கூடாது என்பதால் அந்த நாற்காலிக்குப் பெரும்பாலும் ஜன்னலோரம்தான்.

என் தங்கை 2018-ல் சென்னையிலிருந்து பிராங்பர்ட் வழியாகச் சிகாகோவுக்கு, ஒன்பது மாதப் பெண் குழந்தைகள் இரண்டோடு தனியாகப் போனாள். மாப்பிள்ளை வேலையில் சேர முன்பே போய்விட்டார். அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. முதல் விமானம் ஏறக்குறைய பத்து மணி நேரம், அடுத்தது ஒன்பது. பிற்பாடு அவளிடம் கேட்டேன், முகமூடி விழுந்திருந்தால் யாருக்கு முதலில் மாட்டியிருப்பாய் என்று. இந்த மாதிரிக் கேள்விகளுக்கு அவள் பழகியவள். "மடியில இருக்கறவளுக்குத்தான் அண்ணா. அவதானே கைக்கு எட்டுவா." சரி, யார் மடியில் இருந்தது? "கனம் கம்மியா இருந்தவ."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தத்துவவாதிகள் அந்த அரை நிமிஷத்தில் தேடும் முடிவு சென்னையிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. எடுத்தவளுக்கு அது முடிவு என்றே தெரியாது. தொடை மரத்துப்போகக் கூடாது என்பதுதான் அவள் கவலை.

பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976-ல் எழுதிய ஒரு கட்டுரையில், மனைவியும் இன்னொருவரும் ஆபத்திலிருக்க ஒருவரை மட்டுமே காப்பாற்ற முடிகிற கணவன் ஒருவனைப் பற்றிப் பேசுகிறார். இவள் என் மனைவி, இப்படிப்பட்ட சந்தர்ப்பத்தில் மனைவியைக் காப்பாற்றுவது நியாயமே என்றெல்லாம் அவன் யோசித்தால், தேவைக்கு மேல் ஒரு யோசனை அதில் இருக்கிறது என்பது அவர் கட்சி. எனக்கு அது முழு சம்மதம். ஆனால் இதற்கு ஒரு அந்நியர் வேண்டியிருக்கிறது. இரண்டும் தன் வயிற்றில் பிறந்ததாக இருக்கும்போது அன்புக்குச் சொல்ல எதுவுமில்லை. டாரெக் என்பவர் 1977-ல், ஒருவனைக் காப்பாற்றுவதா ஐவரையா என்பதற்கே நாணயம் சுண்டலாம் என்று எழுதினார். ஒவ்வொருவருக்கும் சமமான வாய்ப்புத் தருவதுதான் மரியாதை என்பது அவர் வாதம். அபத்தம் என்று பலர் ஒதுக்கினாலும் எனக்கு அவர்மேல் ஒரு வாஞ்சை உண்டு. ஆனால் சுண்டுவதற்கும் ஒரு கை காலியாக இருக்கவேண்டும்.

எண்ணிக்கைக்காரர்களையும் பார்த்துவிடலாம். 1989 ஜூலை 19 அன்று, டென்வரிலிருந்து சிகாகோவுக்குப் போன ஒரு டிசி-10 விமானம் அயோவா மாநிலத்தின் ஸூ சிட்டியில் தரையில் மோதிச் சிதறியது. 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். மடிக் குழந்தைகள் நாலு. தலைமைப் பணிப்பெண் ஜேன் பிரவுன், விதிமுறைப்படி, அவர்களைத் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளும்படி பெற்றோர்களிடம் சொன்னார். ஒரு குழந்தை இறந்தது. அதன் பிறகு, ஒவ்வொரு குழந்தைக்கும் தனி இருக்கை கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று வருஷக்கணக்காக அவர் போராடினார். விபத்துகளை விசாரிக்கும் அமெரிக்க வாரியமும் அதையே சிபாரிசு செய்தது. விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2005-ல் முடியாது என்று முடித்துவிட்டது. காரணம் கணக்கு. டிக்கெட் கட்டாயமானால் சில குடும்பங்கள் காரில் போகும், சாலைகளில் சாவு அதிகம், கூட்டிப்பார்த்தால் நஷ்டம்.

நாள் முழுக்க நோட்டு எண்ணுகிறவன் நான். கூட்டல் மேல் எனக்கு இளப்பம் இல்லை. கணக்கு சரியாகவும் இருக்கலாம். எரிச்சல் வேறு இடத்தில். அந்தக் கணக்கில் டிக்கெட்டின் விலை மழை வெயில் மாதிரி இயற்கையாக வந்து நிற்கிறது. அதையும் யாரோ ஒரு மேஜையில் உட்கார்ந்து முன்கூட்டித் தீர்மானித்தார்கள் என்பது கூட்டலில் வரவில்லை. கைப்பையைக் கீழே ஒழுங்காக வைக்கச் சொல்லும் விதி குழந்தையைக் கட்டச் சொல்லவில்லை என்பதும் வரவில்லை.

இதில் ஒரு விசித்திரம். தங்கையின் இரண்டாவது குழந்தை, மடியில் இடமில்லாததால் மட்டும், பெல்ட் போட்ட நாற்காலியில் இருந்தது. விமானம் தரையில் மோதினால் பத்திரம் அதற்குத்தான். காற்றழுத்தம் போனால் முந்துவது மடியில் இருப்பது. ஆகவே அவள் யாருக்குச் சலுகை காட்டினாள் என்றே சொல்ல முடியாது. எந்த விபத்து என்பதைப் பொறுத்தது.

பிராங்பர்ட்டில் அவள் குழந்தைகளை இடம் மாற்றிவிட்டாள். கனமானவள் மடிக்கு வந்தாள். ஏன் என்று கேட்டேன். "ரெண்டு பேருக்கும் மடி கிடைக்கணுமில்ல." விபத்து அவள் நினைப்பிலேயே இல்லை. டாரெக்கின் நாணயத்துக்குப் பதில் அவளிடம் முறை இருந்தது. முகமூடி விழுகிற நிமிஷத்துக்கு அதனால் உபயோகமில்லை. ஆனால் விழாமல் போன பத்தொன்பது மணி நேரத்துக்கு, நான் படித்த வேறு எதைவிடவும் அதுதான் பொருந்துகிறது.

முறை செல்லாத இடமும் இருந்தது. கழிவறைக்குப் போகவேண்டும், ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்றைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் கொடுக்கவேண்டும். நாலு தடவை கொடுத்தாளாம், நாலு வேறு வேறு ஆட்களிடம். யாரைக் கொடுத்தாய் என்றேன்.

"அழாதவளை. அழறவளை யார் அண்ணா வாங்குவா?"

நாலு தடவையும் போனது ஒரே குழந்தை.