மலைக்குப் பட்ட கடன்

1966 அக்டோபர் 21 காலை, வேல்ஸ் நாட்டின் அபர்வான் ஊருக்கு மேலே மலைச்சரிவில் கொட்டிவைத்திருந்த நிலக்கரிக் கழிவுமேடு நீரில் ஊறிச் சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 144 பேர் இறந்தார்கள். அவர்களில் 116 பேர் குழந்தைகள். தேசிய நிலக்கரி வாரியமே இதற்குப் பொறுப்பு என்று விசாரணை மன்றம் கூறியது. ஊருக்கு மேலே மிச்சமிருந்த மேடுகளையும் அகற்றுங்கள் என்று பெற்றோர் மன்றாடினார்கள். செலவை யார் ஏற்பது என்று பேரம் நடந்தது. கடைசியில், பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்காக உலகெங்கும் இருந்து திரண்ட நன்கொடையிலிருந்தே 1,50,000 பவுண்டு எடுக்கப்பட்டது. அடிபட்டவர்களிடமே கட்டுக்கூலி வாங்கியதற்கு ஒப்பான செயல் இது. நிலக்கரி போன பிறகு அது விட்டுச்சென்ற நிலத்தை யார் செலவில், யாருக்காகச் சீர்செய்வது என்ற கேள்வி அபர்வானோடு முடிந்துவிடவில்லை. இன்று அது பேரளவில் எழுந்து நிற்பது அமெரிக்காவின் அப்பலாச்சியா மலைப்பகுதியில்.

பென்சில்வேனியா முதல் அலபாமா வரை நீளும் அந்த மலைகள் நூறாண்டுகளுக்கு மேலாக அமெரிக்காவின் உருக்காலைகளுக்கும் ரயில்களுக்கும் மின்நிலையங்களுக்கும் கரி கொடுத்தன. மேற்கு வெர்ஜீனியாவின் மெக்டவல் மாவட்டத்தில் 1950இல் ஏறக்குறைய 99,000 பேர் வாழ்ந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 19,000 சொச்சம்தான். முதலில் இயந்திரங்கள் ஆட்களைக் குறைத்தன. பின்னர் மலிவான இயற்கை எரிவாயு கரியின் தேவையையே குறைத்தது. வேலை போய்விட்டது, சுரங்கம் போகவில்லை. மூடாத வாய்கள், சரியக் காத்திருக்கும் கழிவுமேடுகள், கெட்டுப்போன நீர் எல்லாம் அங்கேயே கிடக்கின்றன. கைவிட்ட சுரங்கத்துக்குள் தேங்கும் நீர், பாறையிலுள்ள கந்தகம் கலந்த இரும்புத் தாதுவோடும் காற்றோடும் சேர்ந்து அமிலமாகிறது. அதில் கரைந்த இரும்பு வெளியே வந்ததும் துருவாகப் படிகிறது. ஓடையின் கூழாங்கற்கள் காவி பூசியதுபோலக் கிடக்கும். கல்லைப் புரட்டினால் அடியில் ஒரு புழுபூச்சி இருக்காது. புழுபூச்சி இல்லாத இடத்தில் மீன் ஏது? பென்சில்வேனியாவில் மட்டும் இப்படிக் கெட்ட ஓடைகள் 5,500 மைலுக்கு மேல் நீள்கின்றன.

1972இல் மேற்கு வெர்ஜீனியாவின் பஃபலோ கிரீக் பள்ளத்தாக்கில் கரிக்கழிவு நீரைத் தேக்கிய அணை உடைந்து 125 பேர் மாண்டார்கள். சுரங்க நிறுவனம் அதைக் கடவுளின் செயல் என்றது. திறந்தவெளிச் சுரங்கங்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை அதிபர் ஃபோர்டு இரண்டு முறை தடுத்தார். 1977இல் கார்ட்டர் கையெழுத்திட்டார். அந்தச் சட்டம் அதற்கு முன் கைவிடப்பட்ட சுரங்கங்களைச் சீர்செய்ய, புதிதாக எடுக்கும் கரியின் மீது ஒரு வரி போட்டது: திறந்தவெளிச் சுரங்கக் கரிக்கு டன்னுக்கு 35 சென்ட், நிலத்தடிச் சுரங்கக் கரிக்கு 15 சென்ட். உயிருக்கு ஆபத்தான இடங்களுக்கே அந்த நிதியில் முதலிடம். 2016இல் இன்னொரு நோக்கமும் சேர்ந்தது. சுரங்க நிலத்தைச் சீர்செய்யும்போதே நொடித்துப்போன உள்ளூர்ப் பொருளாதாரத்தையும் நிமிர்த்த வேண்டும் என்று கென்டக்கி, பென்சில்வேனியா, மேற்கு வெர்ஜீனியா மாநிலங்களுக்குப் பொதுக் கருவூலத்திலிருந்து தனியாக 9 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. 2021இன் உள்கட்டமைப்புச் சட்டம், கைவிட்ட சுரங்க நிலங்களுக்காக 15 ஆண்டுகளில் 1,130 கோடி டாலர் தர வகைசெய்தது.

இந்தப் பணத்தை எந்தப் பெயர் சொல்லிக் கொடுப்பது என்பதில்தான் அறச்சிக்கல் இருக்கிறது. அரசியல்வாதிகளுக்குப் பிடித்த சொல் முதலீடு. ஒரு டாலர் போட்டால் எத்தனை வேலை வரும், எத்தனை சுற்றுலாப் பயணிகள் வருவார்கள் என்று கேட்பார்கள். கேட்க நியாயமாகத் தோன்றும் இந்தக் கேள்விக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. மலையுச்சியை வெட்டிக் கரி எடுத்தவர்கள் மலையைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது 1977 சட்டத்தின் பொதுவிதி. அந்த இடத்தில் தொழிற்சாலையோ குடியிருப்போ பொதுக் கட்டடமோ வரப்போகிறது என்று காட்டினால் விலக்குக் கிடைத்தது. விலக்குக் கேட்டவர்கள் வாங்கிக்கொண்டார்கள். வருவதாகச் சொன்னவை பெரும்பாலும் வரவில்லை. வேலைவாய்ப்பு என்ற வாக்குறுதியே மலையைச் சீர்செய்யாமல் விடுவதற்குச் சாக்கானது. கட்டடம் வந்த இடத்திலும் தொல்லை தீரவில்லை. கென்டக்கியின் மார்ட்டின் மாவட்டத்தில் தட்டையாக்கிய கரிமலை ஒன்றின் மேல் மத்தியச் சிறைச்சாலை கட்டியபோது, நிரப்பிய மண் அமுங்கி வேலையும் செலவும் இழுத்துக்கொண்டே போயின. சீரமைப்பின் நியாயத்தை வருமானத்தில் மட்டும் கட்டித் தொங்கவிட்டால், வருமானம் வராத நாளில் நியாயமும் அறுந்து விழும்.

முதலீடு என்ற சொல்லை வைத்துவிட்டுக் கடன் என்ற சொல்லை எடுத்தால் கணக்கு வேறாகிறது. கடன் கொடுத்தவர் திரும்பப் பெறும் பணத்தை லாபகரமாகச் செலவிடுவாரா என்று கடன்பட்டவர் விசாரிப்பதில்லை. திருப்பிக் கொடுப்பது அவர் கடமை. அப்பலாச்சியாவின் ஓடையை நாடு கடனாக எடுத்தது என்று ஒப்புக்கொண்டால், ஓடையைத் தெளிய வைப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இந்தக் கடனில் வெறும் மண் மட்டும் இல்லை. மலைச்சரிவில் மக்காச்சோளம் விதைத்து, காட்டில் வேட்டையாடி, ஓடையில் மீன் பிடித்து வாழ்ந்த ஒரு பிழைப்பு முறையைப் பிடுங்கிக்கொண்டு, அதற்குப் பதிலாகக் கரி ஒன்றையே நம்பும் பிழைப்பை வைத்துவிட்டுப் போனது அந்தத் தொழில். பிழைப்பைப் பறித்தவர் மண்ணை மட்டும் நிரவிவிட்டுப் போனால் கடனில் பாதிதான் அடைந்ததாகும். ஆகவே உள்ளூர்ப் பொருளாதாரத்தை மீட்பது நிலச் சீரமைப்புக்கு விதிக்கும் நிபந்தனையாக இருக்கக் கூடாது. அதே கடனின் மறுபாதியாக இருக்க வேண்டும்.

இதை மறுப்பவர்கள் முதலில் சொல்வது: அந்த மக்கள் சும்மாவா கொடுத்தார்கள், கூலி வாங்கினார்களே, நிலத்தை விற்றார்களே. கூலி உழைப்பின் விலை. ஓடையின் விலை அந்தக் கூலியில் ஒருநாளும் சேர்ந்ததில்லை. விற்பனையின் கதையோ இன்னும் மோசம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கிழக்குக் கென்டக்கியின் குடியானவர்களிடம், பலர் கைந்நாட்டு வைப்பவர்கள், ஏக்கருக்குச் சில சென்ட் முதல் சில டாலர் வரை கொடுத்துத் தாது உரிமையை எழுதி வாங்கினார்கள். பத்திரத்தில் எழுதிய அகலமான சொற்களை வைத்துப் பேரன் காலத்தில் புல்டோசர் வந்தது. வீட்டுக்காரரின் தோட்டத்தையும் மரத்தையும் அவரைக் கேட்காமலேயே வழித்தெடுக்கலாம் என்று நீதிமன்றங்களும் ஒப்பின. பத்திரம் எழுதிய நாளில் புல்டோசர் என்ற ஒன்று உலகத்திலேயே இல்லை. கென்டக்கி மக்கள் 1988இல் மாநில அரசியலமைப்பைத் திருத்தி இதற்கு முடிவுகட்டியபோது ஐந்தில் நான்கு பேர் ஆதரித்து வாக்களித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை ஒருவரால் விற்க முடியாது. அப்படி விற்றதாகச் சொல்லும் ஒப்பந்தம் சட்டத்தில் செல்லும், அறத்தில் செல்லாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. தவறு செய்தவர்கள் செத்துப்போனார்கள், நிறுவனங்கள் கலைந்துபோயின; இன்று வரி கட்டுபவர் ஏன் கட்ட வேண்டும்? பிட்ஸ்பர்க்கின் உருக்கு, அந்த உருக்கில் எழுந்த பாலங்கள், இரண்டு உலகப் போர்களில் கிடைத்த வெற்றி, மலிவான மின்சாரம் எல்லாம் இன்றைய தலைமுறைக்குச் சொத்தாக வந்திருக்கின்றன. தகப்பன் சொத்தை வாங்கிக்கொண்டு தகப்பன் கடனை மறுக்கும் பிள்ளையை ஊர் என்ன சொல்லும் என்று தெரியும். உண்மையில் இங்கே குறை, அதிகம் கேட்டதில் இல்லை. 1977இல் டன்னுக்கு 35 சென்டாக இருந்த வரி இன்று 22.4 சென்ட். அரை நூற்றாண்டில் எல்லாப் பொருளின் விலையும் பல மடங்கு ஏறியபோது இந்த ஒன்று மட்டும் இறங்கியிருக்கிறது.

மூன்றாவது மறுப்பு கரிசனத்தின் குரலில் வரும். ஊரைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், மனிதர்களைக் காப்பாற்றுங்கள். வேலை இருக்கும் நகரத்துக்குப் போக உதவுங்கள் என்பார்கள். போகக்கூடியவர்கள் போய்விட்டார்கள் என்பதற்கு மெக்டவல் மாவட்டத்தின் மக்கள்தொகையே சாட்சி. இருப்பவர்களில் பலர் வயதானவர்கள், கரித்தூசியால் நுரையீரல் கெட்டவர்கள், விற்றால் வாடகை முன்பணத்துக்குக்கூடக் காணாத வீட்டை வைத்திருப்பவர்கள். போக நினைப்பவருக்கு வழிச்செலவு கொடுப்பது நல்லதே. ஆனால் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போனார்கள் என்பதற்காகத் தகப்பனுக்குத் தர வேண்டிய கடன் தள்ளுபடியாவதில்லை. அமில நீரும் ஊர் காலியானதும் நின்றுவிடுவதில்லை; அது கீழே அடுத்த ஊருக்குப் போகிறது.

உள்ளிருந்தே எழும் கேள்வி ஒன்று இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது. பணம் குறைவு, ஆபத்தான இடங்கள் அதிகம். ஒரு வீட்டின் பின்னால் மண் சரிகிறது. இன்னொரு இடத்தில் ஆபத்தில்லாத மேட்டைத் திருத்தினால் தொழில் வரும். எது முதலில்? உயிர்தான் முதலில், அதில் பேரத்துக்கு இடமில்லை. கரி வரியில் வரும் பணத்தை ஆபத்துக்கென்றே ஒதுக்கி, பொருளாதாரத்துக்கான பணத்தை வேறு பையிலிருந்து எடுத்த 2016இன் ஏற்பாடு அந்த வகையில் சரி. பல இடங்களில் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரிகளும் இல்லை. ஒஹையோவின் சண்டே கிரீக் ஓடையில் கலக்கும் சுரங்க நீரிலிருந்து இரும்புத் துருவைப் பிரித்து ஓவிய வண்ணமாக்கும் முறையை ஒரு பொறியாளரும் ஓர் ஓவியரும் உருவாக்கினார்கள். ஓடையைக் கெடுத்த அதே காவி, குழாயில் அடைத்த எண்ணெய் வண்ணமாக விலைபோகிறது. அந்த விலை ஓடையைத் தெளிய வைக்கும் செலவில் ஒரு பங்கைத் தாங்கும். காடு வளர்ப்பும் அப்படியே. 1977க்குப் பிறகு நிறுவனங்கள் நிரப்பிய மண்ணைக் கனரக வண்டிகளால் கெட்டியாக இறுக்கி, மேலே வேகமாகப் படரும் புல்லை விதைத்தன. பார்வையிட வந்த அதிகாரிக்குப் பச்சைப் பசேலென்று இருந்தது. நட்ட மரக்கன்றுக்கோ வேர் இறங்க வழியில்லை. இன்று புல்டோசரின் பின்னால் ஆளுயரத்தில் பாதி இருக்கும் இரும்புக் கொழுவை மாட்டி அந்த மண்ணைக் குறுக்கும் நெடுக்கும் கிழித்து, பாறையும் மண்ணுமாகக் கரடுமுரடாகப் போட்டு, அதில் ஓக் போன்ற அந்த மண்ணின் மரங்களை நடுகிறார்கள். மண்ணைக் கிழிக்கவும் விதை சேகரிக்கவும் நடவும் ஆள் வேண்டும். புல்டோசர் ஓட்டத் தெரிந்தவர்கள் அந்த ஊர்களில் நிறைய உண்டு.

இனி, கடனை யார் கையில் கொடுப்பது என்று பார்க்க வேண்டும். மலையைச் சுற்றி வாழ்பவர் ஒருவர், பட்டா வைத்திருப்பவர் இன்னொருவர். அப்பலாச்சியாவின் நில உடைமையைப் பற்றி 1981இல் வெளியான பெரிய ஆய்வு, தான் பார்த்த நிலத்திலும் தாது உரிமையிலும் பெரும்பகுதி வெளியூர்க்காரர்களிடமும் பெரிய நிறுவனங்களிடமும் இருப்பதைப் பதிவுசெய்தது. அரசுப் பணத்தில் திருத்திய நிலத்தின் விலை ஏறி, அந்த ஏற்றம் எங்கோ இருக்கும் உடைமையாளரின் கணக்கில் சேர்ந்தால், கடன் தவறான முகவரிக்குப் போய்ச் சேர்ந்ததாகும். பொதுப்பணத்தில் திருத்தும் நிலம் பொதுவுக்கோ ஊர்ச் சங்கத்துக்கோ நீண்டகாலக் குத்தகைக்காவது வர வேண்டும். வேலையில் உள்ளூராருக்கும் சுரங்கத்தில் உழைத்தவர்களுக்கும் முதலிடம் வேண்டும். என்ன செய்வது என்பதை ஊர் கூடி முடிவெடுக்க வேண்டும். இந்த நிபந்தனைகள் இல்லாத சீரமைப்பு, பழைய பத்திரத்தின் புதிய பிரதி.

அரசே துடைத்துவிடும் என்று தெரிந்தால் நாளைய நிறுவனம் இன்னும் துணிந்து அழுக்காக்காதா என்ற அச்சமும் நியாயமானது. 1977க்குப் பிந்தைய சுரங்கங்கள் சீரமைப்புக்குப் பிணைப்பணம் கட்ட வேண்டும். ஆனால் சில மாநிலங்கள் பெரிய நிறுவனங்களின் பெயரையே பிணையாக ஏற்றுக்கொண்டன. அந்த நிறுவனங்களில் சில 2015-16இல் திவால் மனு கொடுத்தன. பழைய கடனை அடைப்பவர் புதுக்கடன் எழுதும் பேனாவையும் பிடுங்கிவைக்க வேண்டும். ஜெர்மனியின் ரூர் பகுதி இதில் ஒரு பாடம். அங்கே கரி தோண்டியதால் பல இடங்களில் நிலம் பல மீட்டர் தாழ்ந்துபோயிருக்கிறது. நீரை இறைப்பதை நிறுத்தினால் ஊர்கள் மூழ்கும். கடைசிக் கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. அதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே, 2007இல், முடிவில்லாத அந்தச் செலவைச் சுமக்க ஓர் அறக்கட்டளையை நிறுவி, கரி நிறுவனத்தின் சொத்தையே அதற்கு முதலாக வைத்தார்கள். லாபம் வந்துகொண்டிருக்கும்போதே எடுத்துவைப்பதுதான் நேர்மை. இந்தியாவிலும் 2009 முதல் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு மூடல் திட்டமும் அதற்கான வைப்புக் கணக்கும் கட்டாயம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இறைத்தபடிதான் சுரங்கம் நடக்கிறது. நிலம் கொடுத்த குடும்பங்களுக்குச் சேர வேண்டியது என்ன என்ற கணக்கை, கரி தீர்ந்த பிறகு தொடங்க முடியாது.

அபர்வானிலிருந்து எடுத்த 1,50,000 பவுண்டை பிரிட்டன் அரசு 1997இல் திருப்பிக் கொடுத்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, அதே தொகை, வட்டி சேர்க்கவில்லை. 2007இல் வேல்ஸ் அரசு 20 லட்சம் பவுண்டு கொடுத்த பிறகுதான் கணக்கு ஒருவாறு நேரானது. கடன் என்று ஒப்புக்கொள்ளத் தாமதித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் யாரோ வட்டி கட்டியிருக்கிறார்கள். அபர்வானில் அதைக் கட்டியவர்கள் பிள்ளைகளைப் புதைத்தவர்கள்.