கேள்வியைக் கடன் வாங்காதே!

"ஆய்வுக்குத் தலைப்பு ஒன்று கொடுங்கள் சார்!" துறைத்தலைவர் அறை வாசலில் இப்படிக் கைகட்டி நிற்கும் மாணவர்களைப் பார்க்கும்போதெல்லாம் என் நெஞ்சு கொதிக்கிறது. தம்பி, தங்கையே, பார்க்கக் கண்ணும் கேட்கக் காதும் உனக்கு உண்டு. கேள்வியை மட்டும் ஏன் கடன் வாங்குகிறாய்?

1906. சென்னை மாநிலக் கல்லூரி எம்.ஏ. மாணவர் ஒருவர் ஆய்வகத்தில் பட்டகத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தார். எல்லோரும் செய்யும் பயிற்சிதான். பட்டக முகத்தில் சாய்வாகப் பட்டுத் திரும்பிய ஒளியில் தெரிந்த பட்டைகள் இருபுறமும் ஒன்றுபோல் இல்லை. கோணத்தைக் குறித்துக்கொண்டு அவர் போயிருக்கலாம். போகவில்லை. ஏன் என்று கேட்டார், அளந்தார், கணக்கிட்டார், எழுதினார். பேராசிரியரிடம் கொடுத்தார், மாதக்கணக்கில் பதில் இல்லை. சோர்ந்து உட்காராமல், தாமே லண்டன் 'ஃபிலசாஃபிகல் மேகஸின்' இதழுக்கு அனுப்பினார். அந்த நவம்பரிலேயே அச்சில் வந்தது. வயது 18. பெயர் சி.வி. ராமன். நோபல் பரிசுக்கு இன்னும் 24 ஆண்டுகள் இருந்தன. அனுப்பிய நாளில் அவரும் உன்னைப் போல் ஒரு மாணவர்தான்!

உன் கேள்வி எங்கே? 'தமிழ்நாட்டின் நீர்வளம்' என்று எழுதிக்கொண்டு வராதே. ஒரு துறையே திரண்டு உழைத்தாலும் அது முடியாது. உன் ஊர் ஏரியின் கடைமடை வயலுக்கு எந்த ஆண்டிலிருந்து தண்ணீர் எட்டவில்லை, ஏன் எட்டவில்லை என்று கேள். மதகை நேரில் போய்ப் பார். வயலில் நிற்பவரிடம் பேசு. கிராம நிர்வாக அலுவலரிடம் பயிர்க் கணக்கான அடங்கலைக் கேள். ஒரே வரியில் உன் கேள்வியைச் சொல்ல முடிகிறவரை ஒரு பக்கமும் எழுதாதே.

பிறகு படி, வெறியோடு படி. ஷோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. படிக்கும்போதே நூல், ஆண்டு, பக்கம் மூன்றையும் குறித்து வை.

எழுத உட்கார்ந்ததும் முன்னுரையில் முட்டிக்கொண்டு நிற்காதே. என்ன செய்தாய், என்ன கண்டாய் என்பதை முதலில் எழுது. அதுதான் உன் சொத்து. முன்னுரை அப்புறம். சுருக்கம் கடைசியில்.

ஒப்படைக்கும் நாள் நெருங்கும்போது வெட்டி ஒட்டச் சொல்லிக் கை பரபரக்கும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி, ஆய்வேட்டில் 60 விழுக்காட்டுக்கு மேல் பிறர் எழுத்து இருந்தால் ஆய்வுப் பதிவே ரத்தாகும். தண்டனையை விடு. இன்னொருவர் உழைத்து எழுதிய வரிகளுக்குக் கீழே உன் பெயரைப் போட உன் தன்மானம் எப்படிச் சம்மதிக்கும்?

பணம் கட்டினால் இரண்டே நாளில் வெளியிடுகிறோம் என்று வரும் மின்னஞ்சலை அழித்துவிடு. உன் ஆய்வுக் கட்டுரையைத் துறை வல்லுநர்கள் படித்துப் பார்த்து ஏற்கும் இதழுக்கு அனுப்பு. திருத்தச் சொல்லித் திரும்பி வரும், வரட்டும்! ஒவ்வொரு குறிப்புக்கும் பதில் எழுது. ஏற்க முடியாததை ஏன் ஏற்கவில்லை என்று சான்றோடு சொல். மறுபடி அனுப்பு.