எரித்தால் தீர்ந்துவிடாது

குப்பையைக் கொளுத்திவிட்டால் இடம் சுத்தமாகிவிட்டது என்று நினைக்கிறோம். பாலித்தீன் பை, பால் பாக்கெட், உடைந்த பிவிசி குழாய் எல்லாம் ஒரே தீயில் போகின்றன. கண்ணுக்கு ஒன்றும் மிஞ்சாததால் கடமை முடிந்தது என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம். வேதியியல் அப்படிச் சொல்லவில்லை.

கார்பன் அணுக்களிடையே இரட்டைப் பிணைப்பு கொண்ட ஆல்கீன் குடும்பத்தில் மிகச் சிறியது எத்திலீன் என்னும் வாயு. அதன் இரண்டு கார்பன் அணுக்களும் இரட்டைப் பிணைப்பால் இணைந்தவை. அந்தப் பிணைப்பு திறந்துகொண்டால் ஒரு மூலக்கூறு அடுத்ததைப் பற்றிக்கொள்ளும்; ஆயிரக்கணக்கில் அப்படிக் கோத்துக்கொண்டால் பாலித்தீன். 1933இல் இங்கிலாந்தின் நார்த்விச் ஆய்வுக்கூடத்தில், கிப்சன், ஃபாசெட் என்னும் ஆய்வாளர்கள் எத்திலீனை மிகுந்த அழுத்தத்துக்கு உட்படுத்தியபோது மெழுகு போன்ற வெள்ளைப் பொருளாக அது கிடைத்தது. எளிதில் வினைபுரியும் இரட்டைப் பிணைப்பு, சங்கிலியான பிறகு இருப்பதில்லை. மிஞ்சுவது உறுதியான ஒற்றைப் பிணைப்புகளே. மண்ணின் நுண்ணுயிர்கள் பாலித்தீனைச் சிதைக்கத் திணறுவது அதனால்தான்.

தீ அந்தச் சங்கிலியைத் துண்டு துண்டாக அறுக்கும். போதிய வெப்பமும் காற்றும் இருந்தால் கார்பன் டைஆக்சைடும் நீராவியுமாக முடியும். தெருவோரக் குவியலில் இரண்டும் போதாது. உருகிச் சொட்டும் பாலித்தீனிலிருந்து கார்பன் மோனாக்சைடும் கரிப்புகையும் எழுகின்றன. குளோரின் சேர்ந்த ஆல்கீனான வினைல் குளோரைடிலிருந்து செய்யப்படும் பிவிசி இன்னும் கொடியது. அது எரியும்போது மூக்கைக் காந்தவைக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வெளிவரும். டையாக்சின் என்னும் நஞ்சும் உண்டாகும். டையாக்சின் மண்ணிலும் புல்லிலும் படிந்து, மாட்டின் வழியே பாலுக்கும் கோழியின் வழியே முட்டைக்கும் வந்துவிடும். தாய்ப்பாலையும் அது விட்டுவைப்பதில்லை.

நம் வாசலில் கிடந்ததை அடுத்த வீட்டுக் குழந்தையின் மூச்சுக்குள் அனுப்பிவிட்டு, அதைத்தான் சுத்தம் என்கிறோம். பிறர் வாசலில் குப்பை கொட்ட நமக்குக் கூசும். பிறர் நெஞ்சுக்குள் கொட்டக் கூசவில்லையே!

போகியன்று பழையதைக் கழிப்பது நல்ல மரபு. கோரைப்பாயும் கிழிந்த துணியும் எரிந்த காலத்து வழக்கத்தை டயருக்கும் நெகிழிக்கும் நீட்டுவது தகாது. 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தைப் புகை சூழ்ந்து விமானங்கள் தடைபட்டன. திறந்தவெளியில் குப்பை எரிப்போருக்கு 5,000 ரூபாய் அபராதம் விதிக்க 2016இலேயே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. அபராதத்துக்கு அஞ்சித்தானா அடுத்தவர் மூச்சை மதிக்க வேண்டும்?

செய்ய வேண்டியது பெரிதல்ல. பால் பாக்கெட்டின் நுனியைத் தனியே வெட்டி எறியாதீர்கள்; ஒட்டியபடியே விட்டால் அந்தத் துணுக்கும் கூடவே போகும். கழுவி, உலர்த்திச் சேர்த்துவைத்தால் பழைய பேப்பர் கடையில் எடைபோட்டு வாங்கிக்கொள்வார்கள். உருக்கி மறுபடி பயன்படுத்த முடியும். மீந்த குழம்போடும் சோற்றோடும் பிசைந்து எறிந்தால் அது யாருக்கும் உதவாது. அப்படிப்பட்ட குப்பைக்குத் தெருமுனையில் யார் தீ வைத்தாலும், அந்தத் தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தவர்கள் நாம்தான்.

கடையில் நிற்கும்போதே பை வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள். வாங்கிவிட்டால், அது போய்ச் சேரும் இடம்வரை பொறுப்பு உங்களுடையது. எக்காரணம் கொண்டும் நெகிழிக்குத் தீ வைக்காதீர்கள்.