எதில் பாதி?

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஏழாம் வகுப்புக் கரும்பலகையில் ஒரு பையன் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதினான். டஸ்டரை எடுத்து அழித்தேன். "மேலயும் கீழயும் அப்படியே கூட்டக் கூடாதுப்பா, முதல்ல பகுதியைச் சமமாக்கணும்" என்று சொல்லி, 5/6 என்று நானே போட்டு முடித்தேன். தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தான். மறுவாரத் தேர்வில் அதே கணக்குக்கு அதே 2/5. கவனமில்லாத பையன் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு அந்த விடையை வருடம் தவறாமல் பார்த்தேன். பள்ளி மாறியது, ஊர் மாறியது, விடை மாறவில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுத வழியே இல்லாத பிள்ளைகள் இத்தனை பேர் ஒரே இடத்தில் வழுக்குகிறார்கள் என்றால், அவர்கள் பக்கம் ஏதோ ஒரு நியாயம் இருக்க வேண்டும். இது எனக்குத் தோன்றவே எட்டு வருடம் ஆனது.

அந்த நியாயத்தை எனக்குச் சொன்னவள் ஒரு மாணவி. அவளும் பலகையில் அதே 2/5 எழுதினாள்; அன்று நான் அதை அழிக்கவில்லை. "இது எப்படிம்மா வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு நின்றேன். அவள் வாய் திறக்கவில்லை. பின்னாலிருந்து நாலைந்து கைகள் "சார், சார்" என்று எழுந்தன. இறக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து, தரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "நீங்களும் அப்படித்தானே சார் கூட்டுவீங்க? ஒரு டெஸ்ட்ல ரெண்டுக்கு ஒண்ணு, இன்னொரு டெஸ்ட்ல மூணுக்கு ஒண்ணு எடுத்தா, மொத்தம் அஞ்சுக்கு ரெண்டுதானே?"

உண்மைதான். விடைத்தாளில் 7/10, 12/20 என்று போட்டு, கீழே 19/30 என்று சிவப்பு மையில் கூட்டி எழுதுவது நான்தான். அதே கோடு, அதே மேல் எண், அதே கீழ் எண். அவள் கூட்டிய முறை மதிப்பெண்ணுக்குச் சரி. அங்கே ஒவ்வொரு தேர்வும் ஒரு தனி முழுமை. இரண்டும் சேரும்போது முழுமையும் பெரிதாகிவிடுகிறது. பின்னத்தைக் கூட்டும்போதோ பாதியும் மூன்றில் ஒன்றும் ஒரே தோசையிலிருந்து பிய்த்த துண்டுகள். "எதில் பாதி?" என்ற கேள்விதான் இரண்டையும் பிரித்துக் காட்டும். அந்தக் கேள்வியை எட்டு வருடத்தில் ஒரு நாளும் நான் வகுப்பில் கேட்டதில்லை. மீச்சிறு பொது மடங்கு காணும் வழியை மட்டும் சுத்தமாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

அன்று மீச்சிறு பொது மடங்கின் பக்கமே போகவில்லை. "அரையும் காலும் சேர்ந்தா எவ்வளவு?" என்றேன். யோசிக்காமல் "முக்கால்" என்றாள். "அதையே உன் முறையில போடு." 1/2 + 1/4 = 2/6 என்று எழுதினாள். எழுதிவிட்டுப் பலகையையே பார்த்தாள். "சார், இது அரையைவிடக் கம்மியா இருக்கே!"

முக்கால் என்ற சொல்லை அன்றுதான் நானும் சரியாகக் கேட்டேன். மூன்று கால். அரையை இரண்டு காலாக மாற்றினால்தானே மூன்று கால் என்று எண்ண முடியும்? பகுதியைச் சமமாக்குவது என்று நாம் பாடம் நடத்தும் வேலையை அந்தச் சொல் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. பழைய எண்சுவடிக் கணக்கு முழுக்க இப்படித்தான். முந்திரி என்பது 1/320. நாலு முந்திரி ஒரு காணி, நாலு காணி ஒரு மா, ஐந்து மா ஒரு கால். பெரிய பங்கைச் சிறிய பங்கால் எண்ணிப் பழகியவை திண்ணைப் பள்ளிக்கூடத்து வாய்கள். அங்கிருந்த பிரம்பும் மனப்பாடமும் திரும்ப வேண்டாம். இந்தச் சொற்கள் நம் வகுப்புக்குள் வரட்டும். அந்த வரிசையில் மூன்றில் ஒன்றுக்குத் தனிப்பெயர் இல்லை. அரையிலும் காலிலும் தடுமாறாத பிள்ளைகள் 1/3 வந்ததும் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

அன்று அவள் வாய் திறந்ததற்கு நான் காத்திருந்ததும் ஒரு காரணம். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர், அறிவியல் வகுப்புகளை ஒலிநாடாவில் பதிவுசெய்து கேட்டுப் பார்த்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருந்த நேரம் ஏறக்குறைய ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். 1970களில் அவர் எழுதியதை நான் வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். படித்ததும் நினைவுக்கு வந்தது, அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம். மூன்று விநாடிக்கு மேலேயே இருக்கும். அவ்வளவு நேரம் சும்மா நிற்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. வகுப்பு அமைதியாக இருந்தால் பாடம் நின்றுபோனதாகவே எனக்குள் ஒரு பதற்றம்.

நாற்பது நிமிடப் பீரியடில் நாற்பது பேர் என்றால் எல்லாரிடமும் இப்படி நிற்க முடியாது. பாடம் முடிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில், மெல்லக் கற்போர் என்று சிலரைத் தனியே உட்கார வைத்து, செய்முறை வடிவியலையும் கிராஃபையும் திரும்பத் திரும்பப் போட வைக்கிறோம். இரண்டுக்கும் சேர்த்து 16 மதிப்பெண்; அது கையில் இருந்தால் பிள்ளை தேறுவது எளிது. நானும் செய்கிறேன், செய்யத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், பலருக்கும் முடிச்சு விழுந்திருப்பது ஆறாம் ஏழாம் வகுப்புப் பின்னத்தில். யாரோ ஒருவர் அழித்துவிட்டு மேலே போன இடத்தில்.

அதனால் ஒரு பீரியடுக்கு ஒரு தப்பான விடையையாவது அழிக்காமல் வைத்துக்கொள்கிறேன். மதிப்பெண்ணைக் கோடு போட்டு எழுதுவதை விட்டுவிட்டேன்; "30க்கு 19" என்று எழுதுகிறேன்.

முதல் வருடத்துப் பையனுக்கு இப்போது முப்பது தாண்டியிருக்கும். 2/5 எப்படி வந்தது என்று அவனிடம் நான் கேட்கவே இல்லை. அவன் இரண்டாம் முறை அதையே எழுதிய விடைத்தாளில், அந்தக் கணக்குக்குச் சுழியம் போட்டு, மற்றதையெல்லாம் கூட்டி, முதல் பக்கத்தில் ஒரு கோடு கிழித்து, மேலே ஓர் எண்ணும் கீழே ஓர் எண்ணும் எழுதிக் கொடுத்தேன்.