மந்திரம் தெரியாத துணைவன்

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் போகும் விளையாட்டை நம் பிள்ளைகளில் சிலரும் விளையாடுகிறார்கள். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இதற்கெல்லாம் மூலம். நம் இதிகாசங்களை வைத்து அப்படி ஒன்றை இளைஞர் முகாமுக்குச் செய்யலாமே என்று சுங்கைப்பட்டாணியில் சில பேர் உட்கார்ந்தோம். வில்லாளி, மல்லன், வரம் பெற்ற முனிவர், எல்லாவற்றுக்கும் ஆள் ரெடி. வரமும் இல்லை, மந்திரமும் இல்லை, கூட நின்று உதவுவதே வேலை என்ற பாத்திரத்துக்கு மட்டும் யாரும் கை தூக்கவில்லை. “அவன் சும்மா நிக்கிறவன்தானே அண்ணே?” என்றான் ஒரு தம்பி.

தன்னிடம் சக்தி இல்லாதவன் இன்னொருவனுக்குச் சக்தி தர முடியுமா? அந்தத் தம்பி கேட்டது இதைத்தான்.

அமெரிக்கர்களும் இதில் மாட்டிக்கொண்டவர்கள்தான். 2008இல் வந்த நான்காம் பதிப்பில் 'வார்லார்ட்' என்றொரு பாத்திரம் உண்டு. அவன் ஊக்கமாக ஒரு சொல் சொன்னால் அடிபட்ட தோழனின் உயிர்ப்புள்ளி ஏறும். கத்தினா புண் ஆறுமா என்று ரசிகர்கள் சண்டை பிடித்தார்கள். 2014இல் வந்த அடுத்த பதிப்பின் முதன்மை நூலில் அவன் இல்லை.

தைப்பூசத்தன்று சுங்கைப்பட்டாணி சுப்பிரமணியர் கோயிலுக்குப் போகிற நமக்கு இதில் சண்டை பிடிக்க என்ன இருக்கிறது? அலகு குத்திக் காவடி தூக்கியவர் வெயிலில் தள்ளாடுகிறார். பக்கத்தில் ஒருவன் தண்ணீர்ப் போத்தலும் ஸ்டூலுமாக நடக்கிறான். உட்கார வைக்கிறான், காலில் தண்ணீர் ஊற்றுகிறான், காதருகே “வேல் வேல்” என்கிறான். அவர் எழுந்து நடக்கிறார். அருள் முருகனுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஸ்டூல் தூக்கியது நம்ம பையன். அதே “வேல் வேல்”, ஓரத்தில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் சொன்னால் அந்த அளவுக்கு ஏறுமா? ஏறாது. கூட நடந்தவன் குரல்தான் உள்ளே போகும்.

இராமாயணத்தில் ஜாம்பவானைப் பாருங்கள். கடலைத் தாண்ட 100 யோசனை. யார் எவ்வளவு தாண்டுவார்கள் என்று வானரங்கள் சொல்லிக்கொண்டு வரும்போது, கிழவர் தன்னால் 90 தான் முடியும் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். அதற்குப் பிறகுதான் ஒதுங்கி உட்கார்ந்திருந்த அனுமனிடம் போய், நீ யார் தெரியுமா என்று நினைவூட்டுகிறார். அவர் புதிதாக எதையும் கொடுக்கவில்லை. சாபத்தால் மறந்து கிடந்ததை எழுப்பினார், அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிர், சல்லியன். பதினேழாம் நாள் கர்ணனுக்குத் தேரோட்டி. கர்ணனின் மனத்தை ஒடிப்பதாகத் தருமனிடம் முன்பே வாக்குக் கொடுத்தவன். அருச்சுனனை உயர்த்திப் பேசியே அதைச் செய்தான். இதில் என்னை உறுத்துவது, அருச்சுனனைப் பற்றி அவன் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. ஆகவே உண்மை பேசினால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. யாருக்காகப் பேசுகிறான் என்பது இருக்கிறது. சிலர் “நான் உள்ளதைத்தான் சொன்னேன்” என்று சொல்லிக்கொண்டே ஒரு பையனை மேடைப் பக்கமே வராமல் அடித்துவிடுகிறார்கள்.

அதனால் எங்கள் விதி இப்படி அமைந்தது. துணைவன் சும்மா வந்து பேசினால் பலன் கிடையாது. மூட்டை தூக்கினால், இரவுக் காவல் இருந்தால், தன் பங்குச் சோற்றை விட்டுக்கொடுத்தால் தலைக்கு ஒரு நம்பிக்கைப் புள்ளி. அந்தப் புள்ளியைச் செலவழித்துத்தான் அவன் ஊக்கம் சொல்லலாம். கேட்பவன் ஏற்றால் இழந்த உயிர்ப்புள்ளியில் பாதி திரும்பும், அவனுடைய முழு அளவுக்கு மேல் ஒன்றும் ஏறாது. செத்தவனை எழுப்பவும் முடியாது. உள்ளுக்குள் வேறு அணிக்கு வாக்குக் கொடுத்திருந்தால், அதே சொல்லுக்குப் புள்ளி குறையும். அது நடுவருக்கு மட்டும் தெரியும்.

பெயருக்குத்தான் இழுபறி. 'தளபதி' என்றார்கள் பாதிப் பேர், விஜய் ரசிகர்கள் வேறென்ன சொல்வார்கள்! 'தொண்டர்' என்றேன் நான். போர் முடிந்த கையோடு, 1946, 47இல், இதே கெடாவில் பீடோங் பக்கத்து ஹார்வார்ட் தோட்டத்திலிருந்து ஏ.எம். சாமி தலைமையில் கிளம்பிய கூட்டத்துக்குத் தொண்டர் படை என்றுதான் பெயர். கையில் துப்பாக்கி இல்லாத பால்மரத் தொழிலாளிகள். கள்ளுக்கடை முன்னால் நின்று, குடிக்கப் போகாதே என்று தம் லயத்து ஆட்களிடமே சொன்னவர்கள்.

“சும்மா நிக்கிறவன்” என்ற தம்பி அதைக் கேட்டுவிட்டு, பாத்திரத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.